பின்னால ஆர் பாக்கினம்?

இந்தத் தலைப்பு எங்கட வாயில இருந்து வந்தது. அதை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்குகிறோம்.

ஒரு பழைய பீ.எஸ்.ஏ. பீ31 மோட்டார் சைக்கிளை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து திருத்தினோம். 350 சீ.சீ., ஒற்றைச் சிலிண்டர், 1957 பதிவு. எங்களில ஒருவருடைய அப்பப்பா ஓடினது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடுகு மூடி இருபது வருஷத்துக்கு மேல கிடந்தது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு ஊரில பழசுகளுக்கு வந்த மவுசில எங்களுக்கும் ஆசை வந்தது. எட்டு மாதம் வேலை செய்தோம். தாங்கிக்குக் குரோம், சட்டத்துக்குப் பவுடர் கோற்றிங், சீற்றுக்குப் புதுத் தோல், முன் லைற்றுக்குப் புதுக் கண்ணாடி. எல்லாம் முடிஞ்சு கடைசி நாள் இரவு பத்து மணிக்குத்தான் பின் லைற் ஞாபகம் வந்தது. அடுத்த நாள் காலமை படம் எடுக்க ஆள் வருது. இரண்டு வயரை முறுக்கி, கறுப்பு ரேப் சுத்தி, மட்காட்டுக்குக் கீழால தள்ளி விட்டம். மங்கலா எரிஞ்சுது. "காணும் விடு, பின்னால ஆர் பாக்கினம்?"

படம் நல்லா வந்தது. முன்னால இருந்து எடுத்த படம்.

மூன்று கிழமைக்குப் பிறகு நெல்லியடியில ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு, பொழுதுபட்ட நேரம் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். வல்லை வெளி தெரிந்தவர்களுக்கு அந்த இருட்டைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் வீடு இல்லை, காத்து மட்டும். முன்னால பீ31. பின்னால எங்கட தோழி ஸ்கூட்டரில. ஒரு மாடு குறுக்கால வந்தது. பீ31 பிறேக் அடிச்சது. பின்னால ஒண்டும் எரியவில்லை. தோழி கடைசி நொடியில வெட்டி, வீதிக்கரை மணலில விழுந்தாள். முழங்கை தோல் உரிந்தது, ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்தது, அவ்வளவுதான். அவள் எழும்பி வந்து சொன்னது: "நீங்கள் நிண்டதே எனக்குத் தெரியேல்ல. சத்தம் மட்டும் கேட்டது."

பின்னால ஆர் பாக்கினம் எண்ட கேள்விக்குப் பதில் இதுதான். பின்னால வாறவள் பாக்கிறாள்.

ஆகவே இந்தக் கட்டுரை எங்களுக்கும், எங்களைப் போலப் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை "மீட்டெடுக்கிறம்" எண்டு சொல்லிக்கொண்டு திரியிற எல்லாப் பெடியளுக்கும் எதிரானது. முன்னால மினுக்கி, பின்னால ரேப் சுத்திவிடுகிறதுக்கு மீட்டெடுப்பு எண்டு பெயர் வைக்கக் கூடாது.

இந்தப் பேச்சை எடுத்தால் முதலில வாறது லூக்கஸ் பகிடி. பீ.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரயம்ப், மாச்லெஸ் எண்டு இந்தப் பழைய பிரிட்டிஷ் வண்டிகளில அனேகமானவற்றுக்கு மின்சாரப் பொருட்களைச் செய்து கொடுத்தது பேர்மிங்ஹாமின் ஜோசப் லூக்கஸ் நிறுவனம். அதே நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டில "வீதியின் அரசன்" என்ற பெயரில் சைக்கிள் விளக்கு விற்றது. பிறகு வண்டிக்காரர் அதற்கு வைத்த பட்டப்பெயர் "இருட்டின் இளவரசன்". லைற் எரியவில்லை எண்டால் உடனே இந்தப் பகிடியைச் சொல்லிச் சிரிச்சுப்போட்டு எழும்பிப் போவது ஒரு பழக்கமாகவே போய்விட்டது. இங்கிலாந்தில இருந்து பகிடியையும் இறக்குமதி செய்து வைத்திருக்கிறோம்.

எங்கட பின் லைற் எரியாததுக்கு லூக்கஸ் காரணம் இல்லை. காரணம் நாங்கள் ஆசை ஆசையாய்க் காசு கட்டி அடித்த பவுடர் கோற்றிங்.

கொக்குவில் பக்கத்தில ஒரு வயதான மெக்கானிக் ஐயாவிடம் வண்டியை உருட்டிக்கொண்டு போனோம். அவர் எங்கட குரோமைப் பார்க்கவே இல்லை. நேராப் பின்னுக்குப் போய்க் குந்தினார். ஒரு பல்ப், இரண்டு வயர், அவ்வளவுதான் அவருடைய கருவி. லைற்றுக்கு மின்சாரம் வருதா எண்டு பார்த்தார், வந்தது. பிறகு ஒரு வயரை எடுத்து பின் லைற்றின் உடம்பில ஒரு நுனியையும் பற்றறியின் எர்த் முனையில மற்ற நுனியையும் பிடித்தார். எட்டு மாதமாய் நாங்கள் காணாத வெளிச்சம் வந்தது. "எர்த் தான் தம்பி. சட்டம் முழுக்கப் பெயின்ற் அடிச்சுப்போட்டியள். கரண்ட் வந்த பாதையால திரும்பிப் போக வழியில்லை."

விளங்கப்படுத்துகிறோம். இந்த வண்டிகளில பின் லைற்றுக்கு மின்சாரம் வயரால வரும், ஆனால் திரும்பிப் போவது வண்டியின் இரும்பால. லைற்றின் உடம்பு நம்பர் பிளேற்றில முட்டும், நம்பர் பிளேற் மட்காட்டில முட்டும், மட்காட் சட்டத்தில முட்டும், சட்டம் பற்றறியோடு சேரும். இரும்பு இரும்போடு முட்டுகிற ஒவ்வொரு இடமும் ஒரு மூட்டு. அந்த மூட்டுகளில பெயின்ற் அடித்தால், பவுடர் கோற்றிங் போட்டால், கடல் காத்தில துருப்பிடித்தால் வழி அடைபடும். வண்டி எவ்வளவுக்குப் புதுசாய் மினுங்குதோ அவ்வளவுக்கு எர்த் கெட்டுப்போகும்.

இதில கணக்கும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில ஓமின் விதியைப் பாடமாக்கின ஆக்கள்தானே நாங்கள், ஒருக்கால் பாவிச்சும் பார்ப்பம். பிறேக் பல்ப் 6 வோல்ற், 18 வாற். எனவே 3 அம்பியர் ஓடும், பல்ப்பின் தடை ஏறத்தாழ 2 ஓம். எர்த் மூட்டுகளில வெறும் அரை ஓம் தடை சேர்ந்தால், பல்ப்புக்குக் கிடைப்பது 4.8 வோல்ற். வோல்ற் ஐந்தில ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் ஐந்தில ஒரு பங்குதான் குறையும் எண்டு நினைக்க வேண்டாம். இழை பல்ப்பில வெளிச்சம் அதைவிடக் கனக்க வேகமாய் விழும், பாதிக்கும் கீழ போய்விடும். இதே அரை ஓம், 12 வோல்ற் 21 வாற் பல்ப் உள்ள வண்டியில இருந்தால் வோல்ற் 11.2 ஆகத்தான் குறையும், வெளிச்சத்தில ஐந்தில ஒரு பங்களவுதான் போகும். புது வண்டி மன்னிக்கிற பிழையை 6 வோல்ற் வண்டி மன்னிக்காது. "பழசு எண்டா மங்கலாத்தான் எரியும்" எண்டு சொல்லுகிறவர்களுக்கு இதுதான் மறுமொழி. மங்கல் பழமையால வந்ததில்லை. வேலையை முடிக்காமல் விட்டதால வந்தது.

இன்னொரு பிழையையும் சொல்ல வேணும், ஏனெண்டால் அதையும் நாங்களே செய்தோம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில அனேகமானவை பொசிட்டிவ் எர்த். பற்றறியின் கூட்டல் முனைதான் சட்டத்தில பூட்டப்பட்டிருக்கும். லூக்கஸ் வயரிங்கில எர்த்துக்கு வந்த நிறம் சிவப்பு. வீட்டு வயரிங் பார்த்துப் பழகின எங்களுக்குச் சிவப்பு எண்டால் கரண்ட் உள்ளது. முதல் நாள் சிவப்பு வயரைக் கரண்ட் எண்டு நினைச்சு இழுத்துப் பூட்டி, புகை வரப்பண்ணி, பிறகு எல்லாத்தையும் பிடுங்கினோம். அந்த நேரமே ஆரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காணொளி பார்த்தோம்.

கேட்காமல் விட்டது ஏன் எண்டு யோசிச்சுப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உண்மையில வெட்கம் வந்தது. குரோம் பண்ணக் கொழும்புக்கு அனுப்பினபோது சொன்ன காசை ஒரு சொல்லும் பேசாமல் கொடுத்தோம். வயரிங்குக்கு முதலில விசாரிச்ச இடத்தில "ஒரு நாள் வேலைக்கு இவ்வளவோ" எண்டு பேரம் பேசிப்போட்டுத் திரும்பி வந்தோம். மினுங்குகிற வேலைக்கு மரியாதை, கண்ணுக்குத் தெரியாத வேலைக்குப் பேரம். இது மோட்டார் சைக்கிளோட நிற்கிற பழக்கமும் இல்லை. வீடு கட்டுகிறபோது முகப்புக்குச் செலவழிச்சுப்போட்டு வயரிங்காரனோட சண்டை பிடிக்கிறோம். கோயிலுக்குக் கோபுரத்துக்குப் பெயின்ற் அடிச்சுப்போட்டு வாய்க்காலை மறந்து போகிறோம். கையில கிரீஸ் பிடிச்சவன் சொல்லுகிறதைவிட, திரையில வெள்ளைக்காரன் சொல்லுகிறதை நம்புகிறோம்.

அந்த ஐயா தொண்ணூறுகளில இதே வண்டிகளை மண்ணெண்ணெயில ஓட வைச்சவர். பொருளாதாரத் தடைக்காலத்தில பெற்றோல் இல்லை. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1990 இல் நிண்ட மின்சாரம் வருஷக்கணக்காய் வரவில்லை. பற்றறி சார்ஜ் பண்ணவே வழியில்லாத காலம். இரவில லைற் போடுறதே பயம். அவர் சொன்னார்: "லைற் இல்லாமல் ஓடப் பழகின சனம் தம்பி நாங்கள். அப்ப வெளிச்சம் போட்டால் மேல இருந்து பாப்பாங்கள். இப்ப வெளிச்சம் போடாட்டில் பின்னால வாறவன் பாக்க மாட்டான். உங்களுக்கு என்ன சாட்டு?"

எங்களிடம் சாட்டு இல்லை.

இதில இரண்டு கட்சிக்காரர் சண்டைக்கு வருவார்கள் எண்டு தெரியும். அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம்.

முதல் கட்சி "ஒறிஜினல்" கட்சி. இவர்களுக்குத் துணி சுத்தின வயர் வேணும், பழைய பல்ப் வேணும், பேர்மிங்ஹாமில எப்படி வெளிய வந்ததோ அப்படியே இருக்க வேணும். தனி எர்த் வயர் இழுத்தால் "அது ஒறிஜினல் இல்லை" என்பார்கள். ஐயா, பவுடர் கோற்றிங்கும் ஒறிஜினல் இல்லை. ஃபக்ரரியில போட்டது எனாமல். வெளிய தெரிகிற இடத்தில மாற்றத்தை ஏற்றுக்கொண்டு, மட்காட்டுக்குக் கீழ ஆருக்கும் தெரியாமல் போகிற ஒரு வயருக்கு மட்டும் சரித்திரம் பேசுவது என்ன நியாயம்? இந்த வண்டிகளில முன் பிறேக்குக்குச் சுவிச்சே இல்லை. பின் பெடலை மிதிச்சால்தான், ஒரு ஸ்பிரிங்கில கொழுவின சின்னச் சுவிச் இழுபட்டு பிறேக் லைற் எரியும். முன் பிறேக்கை மட்டும் பிடிச்சால் பின்னால வாறவனுக்கு ஒரு சைகையும் இல்லை. அந்தக் காலத்தில வீதியில இருந்த வாகனம் எத்தனை, இப்ப எத்தனை? ஒறிஜினலாய் ஓட வேணும் எண்டால் ஒறிஜினலான வீதியும் வேணும்.

இரண்டாவது கட்சி "மொடிஃபை" கட்சி. பழைய லைற்றைக் கழட்டி எறிஞ்சுப்போட்டு, கடையில தொங்குகிற சின்னப் பிளாஸ்ரிக் எல்.ஈ.டி. ஒண்டை மட்காட்டில ஒட்டிவிடுவார்கள். எல்.ஈ.டி. கெட்டது எண்டு நாங்கள் சொல்லவில்லை. இந்த வண்டியின் தைனமோ முழுக்கத் தருவதே 60 வாற். முன் லைற்றுக்கு 30, பின்னுக்கு 6, பிறேக்குக்கு 18 எண்டு கூட்டினால் 54. மிச்சம் ஒண்டும் பெரிசா இல்லை. மெதுவாய் ஓடினால் அந்த 60 உம் வராது. பின்னால மின்சாரம் மிச்சம் பிடிச்சால் முன் லைற்றுக்கும் பற்றறிக்கும் நல்லது. ஆனால் எல்.ஈ.டி.க்குத் திசை உண்டு. பொசிட்டிவ் எர்த் வண்டியில கடையில வாங்கினதை யோசிக்காமல் பூட்டினால் எரியாது, சிலது பழுதாகும். 6 வோல்ற்றுக்கும் பொசிட்டிவ் எர்த்துக்கும் எண்டு செய்ததை வாங்கி, பழைய லூக்கஸ் கூட்டுக்குள்ளயே பூட்டலாம். கூட்டை எறியிறதுக்குக் காரணம் தேவையில்லாத அவசரம் மட்டும்தான்.

நாங்கள் இரண்டாம் முறை செய்ததைச் சொல்லுகிறோம். இதை ஆரும் செய்யலாம்.

பின் லைற்றின் உடம்பில இருந்து பற்றறியின் எர்த் முனை வரைக்கும் தனி வயர் ஒண்டு இழுத்தோம். எர்த்துக்கும் பிறேக்குக்கும் தடித்த வயர், 0.30 மில்லிமீற்றரில 28 இழை உள்ளது. முறுக்கி ரேப் சுத்தின மூட்டு ஒண்டையும் விடவில்லை. ரேப்புக்குள்ள வேர்வையும் உப்பும் பிடிச்சு, செம்பில பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மூன்று கிழமையில! எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சு, ஈயம் பற்றவைச்ச பித்தளை முனைகளைப் போட்டோம். மட்காட்டில வயர் நுழைகிற துளைக்கு றப்பர் வளையம் போட்டோம். அது இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு வயரை அறுக்கும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்வு சும்மா விடாது. மட்காட்டின் உட்பக்கத்தில வயரை விளிம்போடு சேர்த்து கிளிப் போட்டோம். நடுவில தொங்கவிட்டால் பள்ளத்தில இறங்கும்போது ரயர் மேல வந்து தேய்ச்சுவிடும். பற்றறியின் கழித்தல் பக்கத்தில ஒரு பியூஸ்.

பல்ப்பில ஒரு கவனம் வேணும். பின் பல்ப்புக்கு இரண்டு இழை. அதன் பக்கத்தில இருக்கிற இரண்டு சின்ன முளைகளும் ஒரே உயரத்தில இல்லை. தலைகீழாய்ப் பூட்டாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். போகவில்லை எண்டால் அரத்தால ராவி ஏற்றாதேங்கோ. அப்படி ஏற்றினாலோ, இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினாலோ, இரவு முழுக்க 18 வாற் எரிஞ்சுகொண்டே இருக்கும், பிறேக் அடிக்கும்போது 6 வாற்தான் கூடும். பின்னால வாறவருக்கு வித்தியாசமே தெரியாது. நல்லா எரியுது எண்டு நீங்கள் சந்தோஷப்படுகிற லைற் உண்மையில ஒண்டும் சொல்லாத லைற்.

மரைகளையும் மதிக்க வேணும். சட்டத்தில இருக்கிறது சைக்கிள் மரை, மின்சாரச் சாமான்களில இருக்கிற சின்ன ஸ்குரூக்கள் அனேகமாய் பீ.ஏ. மரை. மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டு இழுத்தால் தலை உருண்டுபோகும். வலுக்கட்டாயமாய் வேற மரையை ஏற்றினால் அறுபத்தைஞ்சு வருஷம் தாங்கின கூடு ஐந்து நிமிஷத்தில போகும்.

கடைசியாக நம்பர் பிளேற். பின் பூட்டுகளில ஆகப் பெரிய துண்டு அதுதான், ஆகக் குறைய யோசிக்கிறதும் அதைப் பற்றித்தான். எங்களில ஒருவன், சிலோன் எண்ட ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில இருந்து இரண்டிரண்டாய் எடுத்துப் போட்ட பழைய இலக்கம் மாதிரி ஒண்டு எழுதுவம், அதுதான் "விண்டேஜ்" எண்டான். எங்கட வண்டி 1957 பதிவு. அந்த வருஷம்தான் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து, தமிழ் எழுத்தைப் போட்டு ஓடச் சொன்னது. 1958 இல் ஸ்ரீ போட்ட அரச பஸ்களை வடக்குக்கு அனுப்ப, இங்க தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார். அந்த ஏப்ரலில பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம்.

பழைய பெயின்றைச் சுரண்டினபோது அந்த எழுத்து இருந்த இடத்தில மட்டும் தடிப்பாய்க் கறுப்பு ஒண்டு ஒட்டியிருந்தது. அது தாரா, பிறகு ஆரோ பூசின பெயின்றா எண்டு எங்களால அடிச்சுச் சொல்ல ஏலாது. அப்பப்பா உயிரோடு இல்லை, கேட்கவும் வழியில்லை. ஆனால் ஒரு முடிவு எடுத்தோம். அந்தப் பழைய பிளேற்றை மினுக்கவில்லை. கழட்டி, அப்படியே வீட்டில வைச்சிருக்கிறோம். வண்டியில அதே பதிவு இலக்கத்தோடு புதுப் பிளேற் பூட்டினோம். அழகாய் இருக்குது எண்டதுக்காக, வெள்ளைக்காரன் காலத்து எழுத்தைப் போட்டு, எங்கட ஆக்கள் சிறைக்குப் போன, அடிவாங்கின ஒரு காலத்தை அழிக்கிறதுக்கு மீட்டெடுப்பு எண்டு பெயர் இல்லை. பழசு வேணும் எண்டால் அந்தப் பழசின் கசப்பும் சேர்த்துத்தான் வேணும்.

இப்ப எங்கட கோரிக்கைகள். பழைய வாகனங்களைக் காட்சிக்கு வைக்கிறவர்கள், பரிசு கொடுக்க முதல் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால போய் நிண்டு, பிறேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்க்க வேணும். எரியாத வண்டிக்குப் பரிசு கொடுக்கக் கூடாது. படம் போடுகிற பெடியள், பெயின்ற் அடிச்ச கடையின் பெயரோடு வயரிங் செய்தவரையும் சொல்ல வேணும், அவருக்குக் குரோம்காரனுக்குக் கொடுத்த மாதிரிப் பேரம் பேசாமல் கொடுக்க வேணும். இந்த வேலை தெரிஞ்ச முதியவர்கள் ஊருக்கு ஒருவர் இரண்டு பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களிட்டப் போய்க் குந்தியிருந்து பழக வேணும், பெண் பிள்ளைகளும்தான். எங்கட வண்டியின் பித்தளை முனைகளுக்கு ஈயம் பற்றவைச்சது வல்லை வெளியில விழுந்த அந்தத் தோழிதான். முழங்கையில காயம் ஆறாத நேரம். ஐயா அவளுக்குத்தான் முதலில பழக்கினார்: "பிள்ளை, சூட்டை வயருக்குக் காட்டு, ஈயத்துக்குக் காட்டாதை."

போன கிழமை திரும்பவும் பொழுதுபட்ட நேரம் வல்லை வெளியால வந்தோம். இந்த முறை ஐந்து பேரும் மாறி மாறிப் பின்னால ஓடிப் பார்த்தோம். தூரத்திலயே தெரிஞ்சுது.

இதை வாசிச்சு முடிச்சவுடன் வெளிய போய், உங்கட வண்டிக்குப் பின்னால நிண்டுகொண்டு, ஆரையாவது பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கோ. பழைய வண்டியாய்த்தான் இருக்க வேணும் எண்டில்லை.